கோழிக்குஞ்சுக்கு ஈ கம்மி

முட்டாள்தனத்தில் நான் சில்லறை வியாபாரி அல்ல, மொத்த வியாபாரி. சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு சாம்பிள் தருகிறேன். போன கோடையில், பட்டப்பகலில், பொம்மனஹள்ளியில் ஒரு கரும்பு ஜூஸ் கடைக்கு முன்னால், கையில் பாலிதீன் பையுடன் மூச்சை அடக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து ஈ பிடித்துக்கொண்டிருந்த நடுவயது மனிதன் நான்தான். "பாவம், பார்த்தா நல்ல குடும்பத்துப் பிள்ள மாதிரி கீறான்" என்று சொல்லி ஒரு அம்மா பன் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் பசி. பன்னைத் தின்றுவிட்டு மறுபடி ஈ பிடித்தேன்.

விளையாட்டுக்குப் பிடிக்கவில்லை. அது மருந்து. மாடியில் கழுத்துத் திருகிக் கிடந்த கோழிக்குஞ்சுகளுக்கு ஈ கொடுக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருந்தார். அதாவது, டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை என்று தெரிவதற்கு முந்தைய நாள் வரைக்கும் சொல்லியிருந்தார்.

கோழிகள் என்னுடையவை அல்ல, என் மனைவியுடையவை. ஹோசூர் ரோடு கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். காலர் மட்டும். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று அவள் பார்ப்பது வெளியே யாராவது போட்டுக்கொண்டு போகும்போதுதான். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரை உற்றுப் பார்த்து, "இது எங்க லைன் தையல் இல்ல" என்று தீர்ப்புச் சொல்வாள். வருஷக்கணக்காகக் குனிந்தே இருந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி மெஷினில் உட்காராதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டாள். வீட்டில் கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். அந்தக் கொஞ்ச நாளில் என் சட்டைகளின் காலரையெல்லாம் பிரித்து மறுபடி தைத்துவிட்டாள். பிறகு ஒருநாள், நாட்டுக்கோழி வளர்க்கப் போகிறேன், முட்டை விற்கப் போகிறேன் என்றாள். அவள் தங்கவயல்காரி. அப்பா தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் வேலை செய்தவர். மகள் மொட்டை மாடியில் தொழில் தொடங்கினால் குடும்பத்துக்கு அது பெரிய ஏற்றம்தான் என்று நான் ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாடி ஓனர் அம்மாவுடையது. கீழ்த்தளத்தில் அவர், முதல் மாடியில் நாங்கள். கன்னடக்காரர். நல்லவர்தான், ஆனால் நல்லவர் என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளாதவர். மனைவி போய்க் கேட்டதும் மூன்று விரலை நீட்டினார்.

"நொண பரபாரது. வாசனெ பரபாரது. காயிலெ பரபாரது."

ஈ வரக்கூடாது, நாற்றம் வரக்கூடாது, நோய் வரக்கூடாது. மூன்றில் எது வந்தாலும் கூண்டு கீழே இறங்கிவிட வேண்டும். என் மனைவி மூன்றுக்கும் தலையாட்டினாள். கழுத்து வலியோடு ஆட்டினாள்.

குஞ்சுகள் வந்தன. ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய பஞ்சும் சத்தமும். பெட்டி மட்டும் என் உபயம். நான் வேலை செய்வது அட்டைப்பெட்டிக் கம்பெனி ஸ்டோரில். கால்நடை ஆஸ்பத்திரியின் கன்னடக்கார டாக்டரம்மா ஒருவர் தடுப்பு மருந்து விட்டு, "ஏதாவது சந்தேகம்னா வாட்ஸாப் பண்ணுங்க" என்று நம்பரும் கொடுத்தார். மனைவி அந்த நம்பரைச் சாமி படம் மாதிரி போனில் மேலே வைத்துக்கொண்டாள். கம்பெனித் தீவனத்தை வாங்கி, அளந்து, வேளாவேளைக்குப் போட்டாள். குஞ்சுகள் ஓடின, கத்தின, வளர்ந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. நான் இன்னும் உள்ளே நுழையவில்லை அல்லவா?

எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்க்கும் வியாதி உண்டு. தண்ணீர் மோட்டாரை வீட்டிலேயே ரிப்பேர் செய்வது எப்படி என்று பார்த்தேன். எங்கள் தெருவில் அன்றைக்கு யாருக்கும் தண்ணீர் வரவில்லை. அது தனிக்கதை. இந்த முறை வீடியோவில் ஒரு மீசைக்காரர், தீவனத்தில் எண்ணெய் கலந்தால் குஞ்சுகள் கிடுகிடுவென எடை ஏறும் என்றார். நல்ல எண்ணெய் என்று அவர் சொல்லியிருப்பார். அந்த இடத்தில் என் கவனம் டிபன் பாக்ஸ் ஊறுகாய்க்குப் போய்விட்டது.

எங்கள் தெருமுனையில் ஒரு போண்டாக் கடை. எத்தனை போண்டாவைப் பார்த்த எண்ணெய் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாத ஒரு கறுப்பு எண்ணெயை அவர் கடைசியில் கொட்டிவிடுவார். "கொட்டாதண்ணே, எனக்குக் குடு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஆகாது" என்றார். "எனக்கில்லண்ணே, கோழிக்கு" என்றேன். "அதுக்கும் உடம்புதானே கீது?" என்றார். அந்த மாதிரி நுணுக்கமான கேள்விகளுக்கெல்லாம் காது கொடுக்கிற ஆளா நான்?

கேனில் வாங்கி வந்து, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நல்ல வெயிலில் ஒளித்து வைத்தேன். காலையில் துணி காயப்போடும் சாக்கில் மேலே போவேன். துணி காயப்போடும் கணவன் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர் கூடக் கிடைத்தது. தீவனத்தில் தாராளமாக ஊற்றிப் பிசைவேன். வெயிலில் கிடந்து காறிப்போன எண்ணெயின் வாடை எனக்கே மூக்கைத் துளைத்தது. மருந்து என்றால் நாறத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். குஞ்சுகள் குண்டானதும் மனைவியிடம் ரகசியத்தைச் சொல்லி அசத்துவதாகத் திட்டம்.

குஞ்சுகள் அசத்தின. ஒருநாள் காலையில் ஒரு குஞ்சு வானத்தைப் பார்த்தது.

நன்றாகத்தான் இருந்தது முதலில். தலையை முதுகுப் பக்கமாக வளைத்து, அலகை மேலே தூக்கி, ஏதோ விமானத்தைத் தேடுவது போல. பிறகு அப்படியே மல்லாந்து விழுந்தது. காலிரண்டும் சைக்கிள் ஓட்டின. எழுந்து இரண்டடி பின்னால் நடந்து மறுபடி விழுந்தது. மறுநாள் இன்னும் சில குஞ்சுகள் வானம் பார்த்தன. கூண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏதோ ஒரு சேதியைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மனைவி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, திருகிய கழுத்தைக் கட்டைவிரலால் நீவினாள். தன் கழுத்தை நீவிக்கொள்கிற அதே நீவல்.

"நோவு வந்துடுச்சுன்னு ஓனரம்மாவுக்குத் தெரிஞ்சுது, அவ்ளோதான், இறக்கச் சொல்லிடும்" என்றாள்.

"இறக்கினா இறக்கிக்கலாம். வேற எதனா பண்ணலாம்."

"இன்னா பண்றது? இதுங்க போச்சுன்னா நான் மறுபடி காலர்தான் தைக்கணும். இந்தக் கழுத்த வெச்சுக்கினு."

அந்த இடத்தில் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எனக்கு ஜோக் வரவில்லை என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். "நீ கவலப்படாத, டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்று அவள் போனை வாங்கிக்கொண்டு, டேங்குக்குப் பின்னால் போய், விழும் குஞ்சு ஒன்றை வீடியோ எடுத்து அனுப்பினேன். டாக்டரிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பார்கள். அதனால் போண்டா எண்ணெய் விஷயத்தையும் உண்மையாக எழுதி அனுப்பினேன். மனைவியிடம் மறைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

டாக்டரம்மா ஏதோ முகாமில் இருந்திருக்க வேண்டும். பின்னால் மாடு கத்துகிற சத்தத்தோடு, குரலில் பதில் அனுப்பினார்:

"ஹெதர்பேடி. மரிகளிகெ ஈ கம்மி ஆகிதெ. தினா ஈ கொடி. எண்ணெ நில்லிசி."

பயப்படாதீர்கள். குஞ்சுகளுக்கு ஈ கம்மி ஆகியிருக்கிறது. தினமும் ஈ கொடுங்கள். எண்ணெயை நிறுத்துங்கள்.

இங்கே என் கன்னடப் புலமையைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பறக்கிற ஈக்குக் கன்னடத்தில் 'நொண' என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததுதான் வினை. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால், "ஈன்னா இன்னா மேடம்?" என்று கேட்டிருப்பேன். நானோ யோசித்தேன்: கன்னடத்தில் பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் மட்டும் ஏன் தமிழில் 'ஈ' என்கிறார்? ஆகா! நான் தமிழன் என்று தெரிந்துகொண்டு, எனக்குப் புரிய வேண்டுமே என்று, முக்கியமான வார்த்தையை மட்டும் தமிழில் சொல்கிறார்! எவ்வளவு பண்பான டாக்டர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யோசிக்க யோசிக்க அர்த்தம் கூடிக்கொண்டே போனது. தரையில் திரிகிற கோழி என்ன தின்னும்? புழு, பூச்சி, ஈ. எங்கள் மாடியில் ஓனரம்மா போட்ட கண்டிஷனில் ஒரு ஈ உண்டா? கிடையாது. அதனால்தான் ஈ கம்மி. இதுகூடப் புரியாமலா இருக்கும்?

மனைவியிடம் போய், "ஈ பிடிச்சுப் போடணுமாம்" என்றேன்.

"ஈயா? எங்க, போடு, நான் கேக்கறேன்."

முழுவதும் போட்டால் கடைசியில் எண்ணெய் வரும். "மாடு கத்தறதுல ஒண்ணும் கேக்காது" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "டாக்டரே சொல்லிட்டாங்க. நீ குஞ்சப் பாரு. ஈ என் பொறுப்பு."

அவள் நம்பினாள். கட்டிக்கொண்டது முதல் இதே தப்பைத்தான் செய்துவருகிறாள்.

ஈ என்பது வேண்டாத நேரத்தில் மொய்க்கும், வேண்டும் நேரத்தில் கிடைக்காது. சொந்தக்காரர்கள் மாதிரி. எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடை. அங்கே ஒரு பிராணியும் நுழைந்து நான் பார்த்ததில்லை. கடைக்காரர் பகலெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தெருவே சொல்லும். நேராகப் போனேன்.

"அண்ணே, நீங்க ஓட்டற ஈயெல்லாம் எனக்குக் குடுக்க முடியுமா? நானே வந்து பிடிச்சுக்கறேன்."

அவர் எழுந்து நின்றார். கையில் ஒரு செருப்பு இருந்தது. விற்கிற செருப்பு அல்ல. "வியாபாரம் இல்லாத வயித்தெரிச்சல்ல கீறேன், வந்து நக்கல் பண்றியா நீ?" என்றார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். செருப்பு கொஞ்சம் உயர்ந்தது. விளக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படித்தான் ஜூஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கரும்புச் சக்கையில் ஈக்கள் திருவிழா நடத்திக்கொண்டிருந்தன. ஆனால் பையால் மூடினால் ஒன்று வரும், ஒன்பது பறக்கும். பன் சாப்பிட்ட தெம்பில் எவ்வளவோ முயன்றும் பையில் சேர்ந்தது ஒரு வேளைக்குக் கூடக் காணாது. அப்போதுதான் எனக்குள் இருக்கும் விஞ்ஞானி விழித்தார். ஈயைத் தேடி நாம் ஏன் போக வேண்டும்? ஈ நம்மைத் தேடி வரட்டுமே! வெல்லமும் கொஞ்சம் கரும்புச் சக்கையும் வாங்கி, மறுநாள் காலையில் மாடியில் கூண்டைச் சுற்றித் தட்டுத் தட்டாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தபோது மாடியில் பொம்மனஹள்ளியின் மொத்த ஈயும் இருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி புள்ளி போட்ட வேட்டியாகியிருந்தது. நல்லபடியாக இருந்த சில குஞ்சுகள் ஈயைத் துரத்திக் கொத்தின. வானம் பார்த்த குஞ்சுகள் வானத்தையே பார்த்தன. மனைவி துண்டை விசிறிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"இது இன்னாயா?" என்றாள்.

"மருந்து" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஓனரம்மா படியேறி வந்தார். அவருடைய துவைத்த புடவையும் அதே கொடியில்தான் இருந்தது. ஈயைப் பார்த்தார். சக்கையைப் பார்த்தார். கூண்டுக்குள் குனிந்து மல்லாந்து சைக்கிள் ஓட்டிய குஞ்சைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். டேங்குக்குப் பின்னாலிருந்து கேன் தன் பங்கைச் செய்துகொண்டிருந்தது. பிறகு என் முகத்துக்கு நேரே மூன்று விரலையும் நீட்டி ஒவ்வொன்றாக மடக்கினார்.

"நொண. வாசனெ. காயிலெ."

ஒரே நாளில் மூன்றையும் நிறைவேற்றியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கூட எனக்கு நூற்றுக்கு நூறு வந்ததில்லை.

"நாளைக்கே தெகீபேகு" என்றார். நாளைக்கே எடுத்தாக வேண்டும்.

மனைவி கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் கெஞ்சவில்லை. "ஒரு நிமிஷம் இரும்மா" என்றாள். என்னிடம் திரும்பி, கையை நீட்டினாள். "போன குடு."

"எதுக்கு..."

"குடுய்யா."

கொடுத்தேன். சத்தத்தை முழுவதும் வைத்துப் போட்டாள். மாடு கத்தியது. "ஹெதர்பேடி. மரிகளிகெ ஈ கம்மி ஆகிதெ. தினா ஈ கொடி..."

"பாத்தியா, ஈ!" என்று நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன். "ஈ குடுக்கச் சொல்றாங்க, இல்ல?"

ஓனரம்மா நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு 'ஈ' என்பது வேறு. கன்னடத்தில் 'ஈ' என்றால் 'இந்த'. 'இந்த கம்மி ஆகியிருக்கிறது, தினமும் இந்த கொடுங்கள்' என்று டாக்டர் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. "ஈ, ஈ அந்தா ஹேள்தாரெ. ஈ ஏனு? யாவ்து?" என்றார். இந்த, இந்த என்கிறாரே, எந்த?

நான் ஒரு ஈயைக் காட்டினேன். அவர் தலையிலடித்துக்கொண்டார்.

மனைவி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. 'ஈ கொடி' வந்ததுமே நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். அவளுடைய அலமாரியில், முகத்தில் கரும்புள்ளிக்குத் தடவ என்று வாங்கி வைத்த பச்சை மாத்திரை ஒன்று உண்டு. ஊசியால் குத்தினால் எண்ணெய் மாதிரி வரும். லைனில் எல்லாப் பெண்களும் அதைத்தான் தடவுவார்களாம். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"ஏ, பி, சி, டி, ஈ!" என்றாள். "யோவ், விட்டமின் ஈ! இங்லீஷ் ஈ!"

"அய்யோ, விட்டமின்னா!" என்றார் ஓனரம்மா.

நான் பல்லைக் காட்டி ஈ என்று இளித்தேன். மாடியில் ஏற்கெனவே இருந்ததோடு இன்னொரு ஈ.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்தத் தடவை யாரும் போனை நிறுத்தவில்லை. அது தன் பாட்டுக்குக் கடைசி வரியையும் சொன்னது. "எண்ணெ நில்லிசி."

எண்ணெய் என்ற சொல்லுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் அர்த்தம் ஒன்றுதான். அன்றைக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது எனக்கு.

"இன்னா எண்ணெ?" என்றாள் மனைவி.

நான் கொடியில் இருந்த வேட்டியைச் சரிசெய்தேன். ஓனரம்மா மூக்கைப் பின்பற்றி நடந்து, டேங்குக்குப் பின்னாலிருந்து கேனோடு வந்தார். மனைவி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டு, ஓனரம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

டாக்டரம்மா கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். இது ஒட்டுவாரொட்டி அல்ல. காறிப்போன எண்ணெய் தீவனத்தில் இருக்கிற விட்டமின் ஈயை அழித்துவிடும். அது இல்லாமல் போனால் வளர்கிற குஞ்சின் மூளை பாதிக்கும், கழுத்துத் திருகும், நிற்க முடியாது. எண்ணெயை நிறுத்துங்கள், பழைய தீவனத்தைக் கொட்டுங்கள், கோழிகளுக்கென்று விட்டமின் ஈ திரவம் கிடைக்கும், அதைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால்நடை மருந்துக் கடை நாளைக்குத்தான் திறக்கும் என்றால், ரொம்ப முடியாத குஞ்சுக்கு இன்றைக்கு மட்டும் அந்தப் பச்சை மாத்திரையில் ஒரு சொட்டு விடலாம். "எல்லாம் பிழைக்கும்னு சொல்ல மாட்டேன். பாக்கலாம்" என்றார். கடைசியாக, "யாரு அந்த எண்ணெய ஊத்தினது?" என்று கேட்டார். மூவரும் போனை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போனை வைத்ததும் மனைவி ஓனரம்மாவிடம் திரும்பினாள். "காயிலெ கோழிக்கு இல்லம்மா. இந்தாளுக்கு."

ஓனரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த நோய் தொற்றுமா என்று யோசித்தது போலிருந்தது. பிறகு கணக்காகச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை வருவேன். அன்றைக்கு ஒரு ஈ இருக்கக்கூடாது. குஞ்சுகள் நேராக நடக்க வேண்டும். இல்லையென்றால் கூண்டு கீழே.

வீட்டில் பார்த்தால் பச்சை மாத்திரை இரண்டுதான் பாக்கி. "மெடிக்கலுக்கு ஓடு" என்றாள் மனைவி. ஓடினேன். மெடிக்கல் கடைக்காரர் கன்னடக்காரர். என் கன்னடத்தை நான் எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஈ விட்டமின் கொடி" என்றேன்.

"யாவ விட்டமின்?"

"ஈ விட்டமின்."

அவர் என் விரலைப் பார்த்தார். என் விரல் கண்ணாடி மேல் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே குழந்தைகளுக்கான டயப்பர் பாக்கெட். அதை எடுத்து வைத்தார்.

"இது அல்ல. ஈ!"

அவர் டயப்பரில் பெரிய சைஸை எடுத்து வைத்தார்.

"ஈ! ஈ!" என்றேன். அவருக்கு அது "இந்த! இந்த!" என்று கேட்கிறது என்பது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வாய் வேறு ஒன்றையும் சொல்ல மறுத்தது. பின்னால் நின்ற ஒருவர், "வயசானவங்களுக்கு வேற சைஸ் இருக்குது சார், கூச்சப்படாம கேளுங்க" என்றார் பரிவோடு. கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி ஏ, பி, சி, டி என்று சத்தமாக ஒப்பித்து, ஈயில் நிறுத்திக் காலால் தரையை உதைத்தேன். "அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று சுத்தமான தமிழில் கேட்டபடி அட்டையை எடுத்துக் கொடுத்தார் அவர்.

அன்று இரவு மனைவி ஊசியால் மாத்திரையைக் குத்தி, அலகைத் திறந்து, ஒவ்வொரு சொட்டாக விட்டாள். "இன்னும் ரெண்டு சொட்டு விட்டா சீக்கிரம் எழுந்துக்கும் இல்ல?" என்று நான் ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்ததில் வாக்கியம் பாதியில் செத்தது. மறுநாள் கோழி மருந்து வந்தது. அளவுக்கு மேல் ஒரு துளி போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், மருந்து பாட்டிலை நான் எட்டாத இடத்தில் வைத்தாள். எங்கள் வீட்டில் குழந்தைகள் கிடையாது. மேல் அலமாரி எனக்காகத்தான்.

எனக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கப்பட்டது. வெல்லத் தட்டெல்லாம் கழுவி, மாடியைப் பினாயில் போட்டுத் தேய்த்து, மிச்சம் இருக்கிற ஈயை விரட்டுவது. லீவு போட்டுவிட்டு, துண்டும் கையுமாக மாடியில் உட்கார்ந்து நாள் முழுக்க ஈ ஓட்டினேன். செருப்புக் கடைக்காரர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள், தோள்பட்டை விட்டுப்போகிறது.

எல்லாம் பிழைக்கவில்லை. முதலில் வானம் பார்த்ததும், இன்னொன்றும் போய்விட்டன. மனைவி அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனபோது நானும் எழுந்தேன். "நீ இரு" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை எழுதும்போது ஒரு ஜோக் போட்டு மூடிவிடலாமா என்று பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை.

மற்றவை மெல்ல மெல்ல எழுந்தன. முதலில் கால் சைக்கிள் ஓட்டுவது நின்றது. பிறகு நின்றபடி ஆடின. பிறகு, போதை தெளிந்தவன் வீடு தேடுவது போல, சுவரைப் பிடித்தபடி நடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓனரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். மாடியில் பினாயில் வாசனை தவிர வேறு வாசனை இல்லை. ஒரே ஒரு ஈ எங்கிருந்தோ வந்தது. அதை நான் சட்டைப் பைக்குள் பிடித்துப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றேன். அனுபவம்.

மனைவி கூண்டைத் திறந்துவிட்டாள். அவள் கட்டைவிரல் பின்கழுத்துக்குப் போனது. குஞ்சுகள் வெளியே வந்தன. எல்லாம் நேராகத்தான் நடந்தன. ஒன்று மட்டும் கழுத்தை லேசாகச் சாய்த்து, சந்தேகத்தோடு கேள்வி கேட்கிற வக்கீல் மாதிரி வந்தது. அது நேராக ஓனரம்மாவின் காலடிக்குப் போய், மெட்டியைத் தானியம் என்று நினைத்துக் கொத்தியது. விழவில்லை. மறுபடி குறி பார்த்துக் கொத்தியது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இர்லி" என்றார். இருக்கட்டும். படியிறங்கப் போனவர் நின்று, என்னைக் காட்டி மனைவியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கன்னடம் அவ்வளவு தெரிந்தும்.

அவர் போனதும் மனைவி தரையில் உட்கார்ந்து தீவனத்தை அளக்க ஆரம்பித்தாள். முகம் தெளிந்திருந்தது. காலர் தைத்த கை, தீவனத்தையும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் கொட்டியது. முட்டையிட ஆரம்பித்ததும் பக்கத்து அபார்ட்மெண்டில் விற்கலாம், டப்பா மேல் ஸ்டிக்கர் அடித்து ஒட்டலாம், தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடலாம் என்று பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு பேசி நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நல்ல நேரம் இதுதான் என்று நான் மெல்ல நகர்ந்து பக்கத்தில் போனேன்.

"அட்டைப்பெட்டி என்னுது. ஈ ஓட்டினது நான். மெடிக்கலுக்கு ஓடினது நான். ஸ்டிக்கர்ல உன் பேருக்குக் கீழ, சின்னதா என் பேரையும் போடலாம் இல்ல?"

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"கோழி பேரயே போடல."